மாம்பழத் தயிர் பாஸ்தா: எல்லோரும் கேட்கும் சந்தேகங்களும் பதில்களும்

கிருஷ்ணகிரி மண்டிகளில் மாம்பழம் இறங்க ஆரம்பித்ததும் எங்கள் வீட்டில் குளிர்ந்த பாஸ்தாவும் ஆரம்பித்துவிடும். வேகவைத்து ஆறவைத்த மக்ரோனி, தண்ணீர் வடித்த கெட்டித் தயிர், சர்க்கரை, நறுக்கிய பழம், அவ்வளவுதான். சாப்பிட்டவர்கள் செய்முறை கேட்பார்கள். செய்து பார்த்த பிறகு சந்தேகம் கேட்பார்கள். தருமபுரியில் இருக்கும் சொந்தக்காரர்கள், தெருவில் இருப்பவர்கள், மகளோடு படிக்கும் பிள்ளைகள் என்று யார் கேட்டாலும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். முதலில் எளிய கேள்விகள், போகப்போக சிக்கலானவை.

பாஸ்தாவுல தயிரும் பழமுமா? அது எப்படிக்கா நல்லா இருக்கும்?

பாஸ்தா என்றாலே தக்காளி, வெங்காயம், மிளகாய்த்தூள் என்று பழகிவிட்டதால் இந்தக் கேள்வி வருகிறது. பாஸ்தாவுக்கென்று தனி ருசி அதிகம் கிடையாது. எதில் போடுகிறோமோ அதன் ருசியை வாங்கிக்கொள்ளும். பேக்கரியில் ஃபலூடா சாப்பிட்டிருப்பீர்கள். அதில் குளிர்ந்த சேமியாதானே இருக்கிறது? கல்யாணப் பந்தியில் தயிர்சாதத்தில் மாதுளையும் திராட்சையும் போடுகிறார்கள். இந்த இரண்டும் பிடித்தவர்களுக்கு இதுவும் பிடிக்கும்.

வெளிநாட்டிலும் இது புதிதில்லை. பிலிப்பைன்ஸில் மக்ரோனியோடு பழக்கலவையும் கண்டென்ஸ்டு மில்க்கும் சேர்த்து, குளிரவைத்துப் பண்டிகைக்குப் பரிமாறுகிறார்கள். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் ஜவ்வரிசி அளவு பாஸ்தாவில் அன்னாசியும் க்ரீமும் கலந்து செய்கிறார்கள். நாம் க்ரீமுக்குப் பதில் தயிர் சேர்க்கிறோம். நம் ஊர் வெயிலுக்குத் தயிர்தான் சரி.

ஆறு பேருக்கு என்னென்ன, எவ்வளவு வேணும்?

மக்ரோனி 200 கிராம், தயிர் ஒரு லிட்டர், பொடித்த சர்க்கரை 100 கிராம், நறுக்கிய மாம்பழம் அரை கிலோ, ஏலக்காய் மூன்று, உப்பு ஒரு டீஸ்பூன், காய்ச்சி ஆறிய பால் கால் டம்ளர். மேலே தூவ வறுத்த முந்திரி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை.

தயிரைத் துணியில் கட்டித் தண்ணீரை வடியவிட வேண்டும். மக்ரோனியை உப்புத் தண்ணீரில் வேகவைத்து, பச்சைத் தண்ணீரில் அலசி, நன்றாக வடித்து ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். பழத்தை நறுக்கித் தனியாகக் குளிரவைக்க வேண்டும். வடித்த தயிரில் சர்க்கரையையும் ஏலக்காய்ப் பொடியையும் போட்டு மத்தால் லேசாகக் கடைந்து, மக்ரோனியைச் சேர்த்துப் பிரட்டி, பரிமாறுவதற்குக் கொஞ்சம் முன்னால் பழத்தைக் கலக்க வேண்டும். கெட்டியாகத் தெரிந்தால் மட்டும் பால். இந்தப் பக்கத்தில் பாதிக்கு மேல் தண்ணீரைப் பற்றித்தான் பேசியிருக்கிறேன். ஏனென்றால் இந்தப் பண்டம் கெடுவதெல்லாம் பெரும்பாலும் தண்ணீரால்தான். தயிரில் ஒரு தண்ணீர், பழத்தில் ஒரு தண்ணீர், சரியாக வடிக்காத பாஸ்தாவில் ஒரு தண்ணீர்.

கடையில பத்து வகை பாஸ்தா இருக்கு, எதை வாங்கறது?

வளைந்த சின்ன மக்ரோனி, குட்டிச் சங்கு வடிவம், ஸ்பிரிங் மாதிரி முறுக்கியது, இந்த மூன்றில் எது கிடைத்தாலும் சரி. குழியிலும் முறுக்கிலும் தயிர் போய் உட்கார வேண்டும். ஒரு கரண்டி எடுத்தால் பாஸ்தாவும் பழமும் ஒரே அளவில் வர வேண்டும். பெரிய குழாய் பாஸ்தா கரண்டியில் நிற்காது. நீளமான ஸ்பகெட்டி இதற்கு வேண்டவே வேண்டாம்.

டூரம் கோதுமை ரவையில் செய்தது என்று பாக்கெட்டில் போட்டிருந்தால் அதை எடுங்கள். அந்தக் கோதுமையில் புரதம் அதிகம். வெந்தாலும் உருக்குலையாது, தயிரில் ஊறினாலும் கூழாகாது. சாதாரண ரவை மக்ரோனியும் பழுதில்லை, ஆனால் அடுப்பைவிட்டு நகராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மக்ரோனி எல்லாம் மைதாதானே? பிள்ளைங்களுக்குக் குடுக்கலாமா?

எல்லாம் மைதா இல்லை. பாக்கெட்டின் பின்னால் மூலப்பொருள் பட்டியலில் முதலில் எது இருக்கிறதோ அதுதான் அதிகம் இருக்கும். அங்கே ரவை இருக்கிறதா, மைதா இருக்கிறதா என்று பாருங்கள். மைதா மக்ரோனி சீக்கிரம் குழையும் என்பதால் ருசிக்காகவும் அதைத் தவிர்க்கலாம். பிள்ளைகளுக்கு மாலையில் ஒரு கிண்ணம் தாராளமாகக் கொடுக்கலாம். தயிரும் பழமும் சேர்ந்து வயிற்றுக்குள் போகிறதே.

பாக்கெட்ல 8 நிமிஷம்னு போட்டிருக்கு. அவ்வளவு போதுமா?

சூடாகச் சாப்பிடப் போதும். ஆறவைத்துச் சாப்பிட இன்னும் ஒன்றிரண்டு நிமிடம் வேண்டும். பாஸ்தாவில் இருக்கும் மாவுச்சத்து குளிர்ந்ததும் மறுபடி இறுகும். பழைய சோறு ஃபிரிட்ஜில் விறைத்துப்போவதும் இதனால்தான். சூட்டில் பல்லுக்குக் கொஞ்சம் தடையாக இருக்கும் மக்ரோனி, குளிர்ந்தால் ரப்பர் மாதிரி ஆகிவிடும். ஒன்றை எடுத்து விரலால் நசுக்கிப் பாருங்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியக்கூடாது, ஆனால் வடிவம் கலையாமல் இருக்க வேண்டும். அதுதான் பதம்.

100 கிராமுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் வையுங்கள். கொதித்த பிறகு போடுங்கள். வெந்ததும் வடிகட்டியில் கொட்டி, பச்சைத் தண்ணீரைத் திறந்துவிட்டு அலசுங்கள். குழம்பில் கலக்கும் சூடான பாஸ்தாவை அலசக்கூடாது, ஆனால் இதை அலசியே ஆக வேண்டும். மேலே ஒட்டியிருக்கும் கஞ்சி போனால்தான் ஒன்றோடொன்று ஒட்டாது, சூடும் அதோடு நின்றுவிடும். அலசிய பிறகு கால் மணி நேரமாவது வடியட்டும். வளைந்த மக்ரோனியின் குழாய்க்குள் தண்ணீர் நின்றுகொள்ளும், அதனால் நடுவில் இரண்டு தடவை குலுக்கிவிடுங்கள். ஒட்டாமல் இருக்க எண்ணெய் ஊற்றச் சொல்வார்கள், ஊற்றாதீர்கள். எண்ணெய்ப் பூச்சு இருந்தால் தயிர் பிடிக்காமல் வழுக்கும். கடலை எண்ணெயாக இருந்தால் வாசமும் வந்துவிடும். இரண்டு ஸ்பூன் தயிரைப் போட்டுப் பிரட்டி வைத்தால் போதும்.

இனிப்புக்கு எதுக்கு உப்பு?

உப்பில்லாமல் வெந்த பாஸ்தா சப்பென்று இருக்கும், எவ்வளவு சர்க்கரை போட்டாலும் அந்தச் சப்பு போகாது. வேகவைக்கும் தண்ணீரில் லிட்டருக்கு அரை டீஸ்பூன் போடுங்கள். சாப்பிடும்போது உப்புத் தெரியாது, பழத்தின் இனிப்புதான் எடுப்பாகத் தெரியும்.

தயிரை ஏன் துணியில கட்டணும்? அப்படியே ஊத்தினா என்ன?

அப்படியே ஊற்றினால் மோரில் மிதக்கும் மக்ரோனிதான் கிடைக்கும். தயிரில் பெரும்பகுதி தண்ணீர். புரதம் வலை மாதிரி கட்டிப் பிடித்திருப்பதால்தான் அது கெட்டியாகத் தெரிகிறது. கரண்டி பட்டதும் அந்த வலை அறுந்து தண்ணீர் பிரியும். முதலிலேயே வடித்துவிட்டால் பிறகு பிரிய அதிகம் இருக்காது.

பழைய வேட்டித் துணியை நன்றாகத் துவைத்து, கொதிநீரில் போட்டெடுத்துப் பிழிந்து, அதில் தயிரை ஊற்றி மூட்டையாகக் கட்டுங்கள். குழாயில் தொங்கவிடுவது வழக்கம். சித்திரை, வைகாசியில் அப்படித் தொங்கவிட்டால் வடிவதற்குள் புளித்துவிடும். அதனால் ஒரு வடிகட்டியில் மூட்டையை வைத்து, அடியில் பாத்திரம் வைத்து, ஃபிரிட்ஜுக்குள் மூன்று நான்கு மணி நேரம் வையுங்கள். முதல் அரை மணியில் வேகமாக வடியும், அப்புறம் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். துணியைப் பிரிக்கும்போது தயிர் துணியிலிருந்து தானாக உரிந்து வர வேண்டும். விரலால் கோடு போட்டால் கோடு மூடாமல் நிற்க வேண்டும். ஒரு லிட்டர் ஏறக்குறைய பாதியாகியிருக்கும். அவசரப்பட்டு மூட்டையைப் பிழிந்தால் தயிரே துணி வழியாக வந்துவிடும்.

வடிந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். மோருக்குப் பதில் ராகிக் கூழில் ஊற்றிக் கரைக்கலாம், சப்பாத்தி மாவு பிசையலாம். லேசான புளிப்போடு நன்றாக இருக்கும்.

வீட்டுத் தயிர் புளிக்குதே, கடைத் தயிர்தான் வாங்கணுமா?

வீட்டுத் தயிரே போதும், நேரத்தைக் கவனித்தால். கோடையில் நான்கைந்து மணி நேரத்தில் உறைந்துவிடும். நாம் ராத்திரி உறை ஊற்றிவிட்டுக் காலையில் பார்ப்போம், அதற்குள் புளிப்பு ஏறியிருக்கும். காலையில் உறை ஊற்றி, உறைந்த உடனே ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். உறை மோரும் புளிக்காததாக இருக்கட்டும், அதிகமும் ஊற்ற வேண்டாம்.

பாலைப் பொங்கியதும் இறக்காமல் சின்னத் தீயில் இன்னும் பத்து நிமிடம் காய்ச்சுங்கள். தயிர் கெட்டியாக உறையும். எருமைப்பால் கிடைத்தால் இன்னும் விசேஷம். கொழுப்பும் புரதமும் கூட இருப்பதால் வடியும் தண்ணீரும் குறைவு. பாக்கெட் தயிர் வாங்கினால் தேதி பார்த்துப் புதிதாக வாங்குங்கள். அதையும் வடித்தே ஆக வேண்டும்.

எந்த மாம்பழம் போடறதுன்னு சொல்லுங்க.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ரொம்பப் பிடிக்கும். நம் மாவட்டத்தில் இருந்துகொண்டு, கிடைத்த மாம்பழத்தைப் போட்டோம் என்று சொல்லக்கூடாது. இதற்கு இரண்டு குணம் வேண்டும்: துண்டு உடையாமல் நிற்க வேண்டும், வாசமும் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே பழத்தில் கிடைப்பது கஷ்டம். அதனால் நான் இரண்டு பழம் சேர்ப்பேன்.

துண்டுகளுக்குப் பெங்களூரா. கிளிமூக்கு என்று காயாக உப்பு மிளகாய் தொட்டுச் சாப்பிடுகிறோமே, அதே பழம்தான். மாங்கூழ் ஆலைகளுக்கு லாரி லாரியாகப் போவதால் இதை வீட்டில் யாரும் மதிப்பதில்லை. முழுதாகக் கனிவதற்கு ஒரு நாள் முன்னால், காம்புப் பக்கம் அழுத்தினால் லேசாகக் கொடுக்கும்போது நறுக்குங்கள். கத்தி நேராக இறங்கும், சதுரம் சதுரமாக நிற்கும், மறுநாளும் முனை மழுங்காது. இனிப்பு கொஞ்சம் மட்டு, புளிப்பு ஒரு இழை. தயிரோடு அதுதான் பொருந்துகிறது. வாசத்துக்கு ஒரு அல்போன்சாவையோ நன்றாகப் பழுத்த செந்தூராவையோ மசித்து, வடித்த தயிரிலேயே கடைந்துவிடுங்கள். தயிர் இளமஞ்சளாகிவிடும், ஒவ்வொரு வாயிலும் மாம்பழம் தெரியும்.

பங்கனப்பள்ளி ஒன்றுதான் கிடைக்கிறது என்றால் அதையே இரண்டுக்கும் வைத்துக்கொள்ளலாம், நார் இல்லாத பழம். மல்கோவாவையும் இமாம் பசந்தையும் இதில் போட மனம் வராது. சதை குழைந்துபோகும், அதோடு அந்தப் பழத்தை அப்படியே தின்பதுதான் அதற்குச் செய்யும் மரியாதை. நீலம் கடைசியில் வருவதால் ஆடி வரை கைகொடுக்கும். எந்த ரகம் எப்படியிருக்கும் என்று பிடிபடாதவர்கள் கிருஷ்ணகிரியில் ஆண்டுதோறும் நடக்கும் அகில இந்திய மாங்கனிக் கண்காட்சிக்குப் போய் வாருங்கள். ரகங்களையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பார்கள்.

மாம்பழம் இல்லாத மாசத்துல என்ன பண்றது?

மாதுளைக்கு இணை இல்லை. தண்ணீர் விடாது, நிறம் மாறாது, கடித்தால் மொறுமொறுப்பு. விதையில்லாத திராட்சையை முழுதாகப் போடலாம். ஆப்பிளை நறுக்கிய கையோடு தயிரில் பிரட்டிவிட்டால் கறுக்காது. வாழைப்பழமும் சப்போட்டாவும் சாப்பிடும்போது மேலே நறுக்கிப் போட்டால் போதும், கலந்து வைத்தால் குழைந்து தயிரின் நிறத்தையே மாற்றிவிடும். கொய்யா விதை பல்லில் சிக்கும், அதை விட்டுவிடலாம். தர்பூசணி வேண்டாம், அது முழுக்கத் தண்ணீர்.

மழைக்காலத்தில் கரட்டுப் பக்கத்திலிருந்து சீத்தாப்பழம் வரும்போது இதைச் செய்யாமல் இருக்காதீர்கள். சதையைக் கையால் வழித்து, ஒவ்வொரு விதையாக எடுத்துவிட்டுத் தயிரில் கலக்க வேண்டும். பொறுமை வேண்டிய வேலைதான். அதைத் தவிர்க்க மிக்சியில் போட்டு அடிக்கக்கூடாது, சீத்தா விதை உடைந்து உணவில் சேரவே கூடாது, அது நஞ்சு. சீத்தாவே தித்திப்பு என்பதால் சர்க்கரையைப் பாதியாக்குங்கள். ஏலக்காயும் வேண்டாம், அதன் வாசத்தை அமுக்கிவிடும்.

அன்னாசி போட்டேன், ரெண்டு மணி நேரத்துல கசந்துபோச்சு. தயிர் கெட்டுப்போச்சா?

தயிர் கெடவில்லை. பச்சை அன்னாசியில் புரோமலைன் என்ற நொதி இருக்கிறது. அது பால் புரதத்தை உடைக்கும். உடைந்த துணுக்குகள்தான் கசப்பாகத் தெரிகின்றன. முன்னே சொன்ன புரத வலையும் அறுந்துவிடுவதால் தயிர் நீர்த்தும் போயிருக்கும்.

சூடுபட்டால் அந்த நொதி செயலிழந்துவிடும். அன்னாசியை நறுக்கி, இரண்டு ஸ்பூன் சர்க்கரையோடு அடுப்பில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, நன்றாக ஆறிய பிறகு சாறை வடித்துவிட்டுப் போடுங்கள், கசக்காது. டின் அன்னாசி ஏற்கெனவே சூடுபட்டது என்பதால் நேராகப் போடலாம். பப்பாளியிலும் கிவியிலும் இதே மாதிரி நொதிகள் உண்டு. கிர்ணிப்பழமும் தயிரில் ஊறினால் கசக்கும். இவற்றைச் சாப்பிடும் நேரத்தில் மேலே போட்டு உடனே சாப்பிட்டுவிட வேண்டும். மாம்பழத்தில் இந்தத் தொல்லை இல்லை.

சர்க்கரைக்குப் பதிலா வெல்லம், தேன் போடலாமா?

போடலாம். சூடான பாலில் வெல்லம் போட்டால் திரியும் என்ற பயம் இங்கே தேவையில்லை, தயிர் ஏற்கெனவே உறைந்ததுதானே. ஆனால் வெல்லத்தைத் தூளாகப் போட்டால் கரையாமல் கரகரக்கும். கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, தேன் பதத்துக்குக் காய்ச்சி, முழுக்க ஆறிய பிறகு சேர்க்க வேண்டும். நிறம் பழுப்பாகும். வாழைப்பழத்துக்கும் சப்போட்டாவுக்கும் வெல்லம் பொருந்தும், மாம்பழத்துக்குச் சர்க்கரைதான். தேன் போட்டால் அளவைக் குறையுங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கலந்ததைக் கொடுக்கவே கூடாது.

எதைப் போட்டாலும் ருசி பார்ப்பதைக் குளிர்ந்த பிறகு பாருங்கள். குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்புக் குறைவாகத்தான் தெரியும்.

எல்லாம் சரியா பண்ணினேன், அப்பவும் தண்ணி விட்டுடுது. ஏன்?

தயிரை வடித்திருப்பீர்கள், பாஸ்தாவையும் வடித்திருப்பீர்கள். மிச்சம் இருப்பது பழம். நறுக்கிய பழத்தில் சர்க்கரையைத் தூவி வைத்தீர்களா? சர்க்கரை பட்டால் பழத்துக்குள் இருக்கும் நீர் வெளியே வந்துவிடும். ஊறுகாய்க்கு மாங்காயில் உப்புப் போட்டு நீர் விடவைப்பதும் இதே வழிதான். அதனால் சர்க்கரை தயிரில்தான் சேர வேண்டும், பழத்தில் இல்லை. பொடித்துப் போடச் சொன்னதும் இதற்காகத்தான். முழுச் சர்க்கரை கரைய நேரமாகும், அதற்காகக் கிளறக் கிளறத் தயிர் இளகிவிடும்.

இன்னொன்று, மிக்சி. தயிரை மிக்சியில் அடித்தால் லஸ்ஸி ஆகிவிடும். மத்தாலோ கரண்டியாலோ மெதுவாகக் கலந்தால் போதும். பழத்தைப் பரிமாறுவதற்கு அரை மணி நேரம் முன்னால் சேருங்கள்.

எனக்கு நேர்மாறா ஆகுது. ராத்திரி செஞ்சு வச்சா காலையில கல்லு மாதிரி இருக்கு.

இரண்டு காரணம். பாஸ்தா ராத்திரி முழுக்கத் தயிரில் இருக்கும் நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதோடு மாவுச்சத்தும் இறுகும், வேகவைக்கும் நேரத்தைப் பற்றிய பதிலில் சொன்னேனே, அதுதான். வெந்தது போதாமல் இருந்தால் இது இன்னும் மோசமாகும்.

மறுநாளுக்கென்றே செய்வதாக இருந்தால், பயணத்துக்குத் தயிர்சாதம் கட்டும்போது செய்வதைச் செய்யுங்கள். பால் கூட ஊற்றித் தளரப் பிசைந்தால் போகப்போக சரியாகிவிடும் அல்லவா? இங்கேயும் கால் டம்ளர் பாலை அரை டம்ளராக்கி, தளர்வாகக் கலந்து வையுங்கள். ஏற்கெனவே இறுகிப்போனதைக் குளிர்ந்த பால் விட்டுப் பிரித்துக் கொஞ்ச நேரம் விட்டால் தேறிவிடும். சூடாக்க மட்டும் கூடாது, தயிர் திரிந்துவிடும்.

தயிரும் பழமும் சேரக்கூடாதுன்னு எங்க அத்தை சொல்றாங்க. நிஜமா?

ஆயுர்வேதத்தில் சேராத உணவு என்று ஒரு பட்டியல் உண்டு, அத்தை அதிலிருந்துதான் சொல்லியிருப்பார்கள். வீட்டில் அதைக் கடைப்பிடிப்பவர்கள் இருந்தால் அவர்களுக்குப் பழத்தைத் தனியாக வைத்துவிடுங்கள், வற்புறுத்த வேண்டாம். நவீன உணவியலில் ஆரோக்கியமான ஒருவருக்குத் தயிரும் பழமும் சேர்வதால் கெடுதல் என்று சொல்வதில்லை. மகாராஷ்டிரத்தில் வடித்த தயிரில் மாம்பழம் சேர்த்து ஆம்ரகண்ட் என்று விருந்துக்கே வைக்கிறார்கள். நம் பந்தித் தயிர்சாதத்தில் திராட்சை இருக்கிறது. பால் ஒத்துக்கொள்ளாதவர்கள், ராத்திரியில் குளிர்ச்சி சேராதவர்கள் அவரவர் உடம்பைப் பார்த்துச் சாப்பிடட்டும். நான் இதை மதியத்திலும் மாலையிலும்தான் கொடுக்கிறேன்.

எங்க ஊர்ல ராகிதான். ராகி சேமியாவுல செய்ய முடியுமா?

முடியும், ஆனால் முறை வேறு. கோதுமை மாவைச் சேர்த்துப் பிடிக்கும் குளூட்டன் என்ற புரதம் ராகியில் இல்லை. அதனால் கொதிக்கும் தண்ணீரில் போட்டால் கரைந்து களியாகிவிடும். உப்புப் போட்ட தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் நனைத்து, வடித்து, இட்லித் தட்டில் ஆவியில் வேகவையுங்கள். அகலமான தட்டில் கொட்டி, உதிர்த்து, முழுக்க ஆறவிடுங்கள். அலசக் கூடாது.

இது தயிரை ரொம்ப வேகமாக உறிஞ்சும். அதனால் கலந்து வைப்பதற்கில்லை. கிண்ணத்தில் முதலில் சேமியா, மேலே தயிர், அதற்கு மேல் பழம் என்று அடுக்கிக் கொடுங்கள். ராகியின் மண் வாசத்துக்கு வெல்லப்பாகும் வாழைப்பழமும் பிரமாதமாக இருக்கும். தருமபுரிப் பக்கம் பெரியவர்கள் மக்ரோனியைவிட இதைத்தான் திரும்பக் கேட்கிறார்கள்.

கரண்ட் போயிடுச்சு. எவ்வளவு நேரம் வெளிய இருந்தா சாப்பிடலாம்?

சாதாரணமாக இரண்டு மணி நேரம். வெயில் 32 டிகிரிக்கு மேல் இருந்தால் ஒரு மணி நேரம்தான். நமக்குக் கோடையில் பெரும்பாலும் இரண்டாவது கணக்குதான் பொருந்தும். தயிர் புளித்தால் நாக்குக்குத் தெரிந்துவிடும். பாஸ்தாவில் வருவது தெரியாது. வெந்த சோறு, பாஸ்தா போன்றவற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா வளரும். அதன் வித்துகள் கொதித்தாலும் சாகாது, வெளியே வைத்தால் முளைத்து நஞ்சைச் சுரக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது.

அதனால் வெந்த மக்ரோனியை ஆறட்டும் என்று மேடையில் வைத்துவிட்டு மறந்துபோகாதீர்கள். அலசி வடித்த உடனே உள்ளே வைத்துவிடுங்கள். கரண்ட் போனால் ஃபிரிட்ஜைத் திறக்காமல் மூடி வைத்தால் நான்கு மணி நேரம் போல் குளிர்ச்சி தாங்கும். பழம் கலந்ததை மறுநாளுக்குள் முடித்துவிடுங்கள்.

வளைகாப்புக்கு அம்பது பேருக்கு வேணும். தருமபுரியில செஞ்சு ஓசூர் கொண்டு போகணும்.

மக்ரோனி ஒன்றேமுக்கால் கிலோ, தயிர் எட்டு லிட்டர், சர்க்கரை 800 கிராம், மாம்பழம் தோல் கொட்டையோடு ஏழு கிலோ. தயிரை முந்தைய நாள் மாலையே வடிகட்ட வேண்டும். எட்டு லிட்டரை ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள், நடுவில் இருப்பது வடியாது. இரண்டிரண்டு லிட்டராகப் பிரித்துக் கட்டுங்கள். மக்ரோனியையும் அரை அரை கிலோவாக வேகவையுங்கள். மொத்தமாகக் கொட்டினால் தண்ணீர் மறுபடி கொதிக்க நேரமாகி, அடியில் ஒட்டிக் கட்டியாகிவிடும்.

கலந்து கொண்டுபோக வேண்டாம். பாஸ்தா, சர்க்கரை சேர்த்த தயிர், பழம் மூன்றையும் தனித்தனிப் பாத்திரத்தில் மூடி, ஐஸ் பெட்டியில் ஐஸைச் சுற்றிலும் அடுக்கி எடுத்துப் போங்கள். ஐஸ் உருகிய தண்ணீர் உள்ளே போகாத மாதிரி மூடி இறுக்கமாக இருக்கட்டும். அங்கே போய் முதல் பந்திக்கு மட்டும் கலந்து, பிறகு பந்திக்குப் பந்தி கலந்துகொண்டால் கடைசியில் சாப்பிடுபவருக்கும் அதே பதத்தில் கிடைக்கும். பரிமாறச் சின்னக் கிண்ணம்தான் நல்லது. இலையில் வைத்தால் சாம்பாரோடு சேர்ந்துவிடும்.

ஆறவச்ச பாஸ்தா சாப்பிட்டா சுகர் ஏறாதாமே? அப்போ அப்பாவுக்குக் குடுக்கலாமா?

பாதி உண்மை. மாவுச்சத்து குளிர்ந்து இறுகும்போது அதில் ஒரு பகுதி எளிதில் செரிக்காத மாவுச்சத்தாக மாறுகிறது. அந்த அளவுக்குச் சர்க்கரை ஏறுவது கொஞ்சம் குறையும், கொஞ்சம்தான். மிச்ச பாஸ்தா பாஸ்தாதான். இதில் மாம்பழமும் சர்க்கரையும் வேறு இருக்கின்றன. அதனால் இந்த நியாயத்தை நம்பி ஒரு கிண்ணம் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

அவருக்கென்று சர்க்கரை போடாமல் தனியாக எடுத்து வைக்கலாம். தயிர் நிறைய, மக்ரோனி இரண்டு ஸ்பூன், மாம்பழத்துக்குப் பதில் கொஞ்சம் மாதுளையோ ஆப்பிளோ, மேலே வேர்க்கடலை. அதுவும் அவர் பார்க்கும் மருத்துவர் சொன்ன சாப்பாட்டு அளவுக்குள் இருக்கட்டும்.

ஃப்ரீசர்ல வச்சா ஐஸ்கிரீம் மாதிரி ஆகுமா? மிச்சத்தைப் பத்திரப்படுத்தலாமேன்னு கேட்கறேன்.

ஆகாது. பாஸ்தா கட்டையாகிவிடும், வெளியே எடுத்து வைத்தால் தயிர் திப்பி வேறு தண்ணீர் வேறாகப் பிரியும். மிஞ்சியதை மறுநாள் முடிப்பதுதான் வழி.

ஃப்ரீசரில் வைக்க வேண்டியது மாம்பழக் கூழ். விலை இறங்கியிருக்கும் நாட்களில் அல்போன்சாவோ செந்தூராவோ பத்து கிலோ வாங்கி, தோல் சீவி, தண்ணீர் விடாமல் மசித்து, கிலோவுக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் சில சொட்டு எலுமிச்சைச் சாறும் சேர்த்து, ஒரு தடவை செய்வதற்கு எவ்வளவு வேண்டுமோ அந்த அளவு டப்பாக்களில் நிரப்புங்கள். உறைந்தால் விரியும் என்பதால் மேலே ஒரு விரல் இடம் விடுங்கள். தேதியை ஒட்டிவிடுங்கள். வேண்டும்போது முந்தைய ராத்திரி கீழ்த்தட்டில் இறக்கி வைத்தால் காலையில் இளகியிருக்கும். உருகி நிற்கும் தண்ணீரை வடித்துவிட்டுத் தயிரில் கடையுங்கள். துண்டுகளுக்கு மாதுளையோ ஆப்பிளோ போட்டுக்கொண்டால் மார்கழியிலும் மாம்பழப் பாஸ்தா செய்யலாம்.